உள்ளே கை: 1

2007 மே மாதம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வெயில் தகரக் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ் இருந்த ஷெட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பிரஸ்ஸை இயக்கும் புரோகிராமை எழுதியவன் நான்தான். இனி அதில் ஒரு வரி மாற்றினாலும் இந்தக் கம்ப்யூட்டரே புரோகிராமைத் தொகுத்து, பிரஸ்ஸில் ஏற்றி, சோதனைகளை வரிசையாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் பச்சை விளக்கு, ஒன்று தவறினாலும் சிவப்பு. இரண்டு மணிக்குக் கஸ்டமர் வருகிறார். பச்சை எரியாவிட்டால் என் வேலை போய்விடும்.

எரியவில்லை.

பதினேழாவது சோதனையில் நின்றுபோனது. அடியில் கை இருந்தால் பிரஸ் இறங்கக் கூடாது, அதுதான் சோதனை. திரையில் ஒரே வரி.

உள்ளே கை: 1.

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

அந்தச் சோதனையை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. போன வருஷம் பத்துத் தடவைக்கு ஒரு தடவை அது தவறிக்கொண்டிருந்தது. கை இருந்தும் இல்லை என்றது. சரிசெய்ய நேரமில்லாமல் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் புரோகிராமை அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஆபரேட்டர் தேசப்பனின் வலது கை போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் ரயில்வே கேட்டில் நின்றதில் உயிரும் போனது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று சூப்பர்வைசர் கோபால் எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். பாவி, அன்றைக்கு எனக்கு விரல்கூட நடுங்கவில்லை.

தேசப்பனின் மனைவி பூவம்மாளுக்கு அதே ஷெட்டில் பெருக்குகிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம். ஷெட்டில் அவளும் நானும்தான்.

"இன்னா சார், நின்னுபூச்சா?"

"சென்சார்ல எண்ணெய் படிஞ்சிருக்கும்மா."

"அவரு கைய கடைசி வரிக்கும் குடுக்கல சார். கை இல்லாமத்தான் பொதச்சோம்." கோபமே இல்லாமல் சொன்னாள். மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

எண்ணெய் வாடைக்கு நடுவே பச்சை ரத்தத்தின் வாடை வந்தது.

மணி ஒன்றரை. மெயினை அணைத்துவிட்டுச் சென்சாரைத் துடைத்தால் சோதனைகள் மறுபடி முதலிலிருந்து ஓடும், நாற்பது நிமிடம் ஆகும். ஆனால் உள்ளே கை இருப்பதாக நினைக்கிறவரை பிரஸ் இறங்காது. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா?

வேஸ்ட் துணியை எடுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

"ஸ்கிரீன்ல என்ன காட்டுதுன்னு பாருங்கம்மா."

அவள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். அவசரமில்லாமல் நடந்து போய்ப் பார்த்தாள்.

"சைபர் சார்."

கையை இழுத்தேன்.

வரவில்லை.

உள்ளேயிருந்து ஜில்லென்று ஐந்து விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

பிரஸ் இறங்கியது.

பச்சை விளக்கு எரிந்தது.

இதை இடது கையால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கம்பெனிக் கடிதம் வந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு.' அதே கோபாலின் கையெழுத்து.

நேற்று மத்தியானம் அவர் போன் செய்தார்.

"ரிஜ்வான் பாய், உங்க மிஷினு ரொம்ப பேஜாரு பண்ணுது. எல்லாத்தையும் அழிச்சுட்டு புச்சா போட்டும் பாத்தாச்சு. உள்ள கை ரெண்டுன்னே காட்டிக்கினு நிக்குது. கஸ்டமரு கேட்டாண்ட வந்துட்டாரு. சென்சார தொடச்சா சரியாப்பூடுமா?"

அவர் பேச்சுக்குப் பின்னால் யாரோ பெருக்கும் சத்தம் கேட்டது.

மெயினை அணைக்கச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

"தொடைங்க," என்றேன்.

பெருக்கும் சத்தம் நின்றது. கோபால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்தது கேட்டது. அவர் மூச்சு கேட்டது.

"பூவம்மா, அங்க இன்னா காட்டுது பாரு."

"சைபர் சார்."