தொடக்கக் கிராமத்தில் சாவில்லை

மழை நின்றுவிட்டது. கிராமத்தில் எல்லோரும் தலையிலிருந்த சாக்கை எடுத்து உதறிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். கிணற்றடியில் நின்ற ஒருவன் மட்டும் எடுக்கவில்லை.

கிறிஸ்தோபர் கணினித் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனான். நகக்கண் அளவு உருவம். பெரிதாக்கிப் பார்த்தான். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் மழைக்குச் செய்வதுபோல, சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்க்கும்படிதான் அவன் வரைந்திருந்தான். முகம் வெளியே தெரிய வேண்டும். இவனுக்குச் சாக்கு கழுத்துவரை இறங்கியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்.

படம் பிசகியிருக்கிறது, நாளைக்குத் திருத்தலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மாத்தளை நகரில் பலீல் நானாவின் கொமினிகேஷன் கடைக்கு மேல்மாடி அது. கீழே தொலைபேசிக் கூண்டுகளையும் போட்டோக் கொப்பி இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவள் கிறிஸ்தோபரின் தங்கை டொறீன். மேலே அவனும் ஒரு பழைய கணினியும். பக்கத்துக் கிட்டங்கியில் காயும் கராம்பின் வாசனை பகல் முழுவதும் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில் தொண்டையில் காறலாகத் தங்கிவிடும்.

கொழும்பு ஏஜென்ட் ஒருவன் மூலம் பலீல் பிடித்த வேலை. வெளிநாட்டுக் கம்பனியின் விளையாட்டு. காட்டை வெட்டி ஊர் அமைத்து அதில் மனிதர்களை வாழ வைக்க வேண்டும். மண்ணின் ஈரம், நெல்லுக்கு வரும் பூச்சி, கிணற்றுத் தண்ணீரின் உப்பு, மனிதர்களின் மனக்கசப்பு எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருந்தது. அதனாலேயே வாங்கியவர்களில் பாதிப்பேர் முதல் நாளே தூக்கிப் போட்டார்கள். கை வைத்தவுடன் ஊர் செத்துப்போனால் யார்தான் விளையாடுவார்கள்? ஆகவே புதியவர்களைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போக ஒரு தொடக்கக் கிராமம் கேட்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஆரம்பத்தில் எவரும் இறக்கக் கூடாது. புதியவரின் மனம் நொந்துவிடும்.

அதைப் படித்த அன்று கிறிஸ்தோபருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் எவனோ ஒருவனின் மனம் நோகக் கூடாதாம். தான் பிறந்தபோது அப்படி வேலி போட்டுக் கொடுத்தவர் யார்? எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அம்மா தெரேசா அவனைச் சுமந்த வயிற்றோடு தேயிலைச் செடிகளுக்குள் பதுங்கிக் கிடந்தாள். போன வருடம் அண்ணன் செபஸ்தியனைக் கொழும்பில் அவன் தங்கியிருந்த அறைக்கே வந்து வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செத்ததற்கு அத்தாட்சி உண்டா என்று பொலிசில் கேட்டார்கள். இல்லை. அப்படியானால் எங்காவது வெளிநாட்டில் சந்தோசமாக இருப்பான், போ என்றார்கள். கிறிஸ்தோபர் அதற்குப் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கத் திரும்பவில்லை.

ஆனாலும் வேலையைத் திறமாகச் செய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான். லக்கல பக்கத்து வறண்ட நிலத்தை மனதில் வைத்து ஒரு குளம், அதன் கீழே வயல், வீடுகளுக்கு நடுவே வற்றாத கிணறு. களஞ்சியத்தில் ஒரு போகத்துக்கான நெல்லை முன்கூட்டியே நிரப்பினான். காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் நிறுத்தி வைத்தான். யானை வந்து மிதிக்காதபடி ஊரைச் சுற்றி வேலி போட்டு ஒரேயொரு வாசல் விட்டான். தொடக்கம் முடியும்வரை கிராமத்தார் எவரும் வேலியைத் தாண்ட முடியாது என்று விதி எழுதினான். யார் கொல்லன், யார் விதைப்பவள் என்று புதியவர் தேடி அலையக் கூடாது என்பதற்காக, விளையாட்டு தொடங்கும்போது எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தினான், முகம் வாசலைப் பார்க்க.

கிராமம் முடிந்த அன்று பின்னேரம் பலீல் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேலே வந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, ரவுண்டப்புக்கு நிப்பாட்டின மாதிரி நிப்பாட்டி வெச்சீக்கிறீங்க?"

"ஆளத் தெரிஞ்சிக்க லேசா இருக்கும் நானா."

"ஆமிக்காரனும் அதத்தானே சொல்றான்" என்று சிரித்துவிட்டு, அவர் மஹ்ரிப் தொழுகைக்குப் படியிறங்கிப் போனார்.

கிறிஸ்தோபருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்களை ஒழுங்காக நிறுத்த உலகத்தில் எத்தனை விதம் இருக்கும்? வட்டமாக உட்கார வைத்திருக்கலாம். அவரவர் வீட்டு வாசலில் விட்டிருக்கலாம். அவன் கைக்கு வந்தது இது ஒன்றுதான்.

டொறீன் பிளேன்டீயோடு வந்தாள். விளையாட்டே தெரியாதவள் என்பதால் பரிசோதனைக்கு அவள்தான்.

"இதுல நான் யாரு?"

"புடிச்ச ஆள அமத்து. அதுதான் நீ."

தண்ணீர்ப் பூவாளியோடு நின்ற பெண்ணைச் சுட்டியால் அமத்தினாள். பெயர் கேட்டதற்கு டொறீன் என்றே தட்டினாள். பயற்றம் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள், ஒரு கோழிக்கூட்டைத் தவறுதலாகக் குளத்துக்குள் கட்டினாள், அப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை.

"என்னண்ணே இது, ஒங்க ஊர்ல ஒருத்தனும் சாக மாட்டானா? சவப்பெட்டிக் கடைக்காரன் பட்டினி கெடக்கணும் போல."

கீழே யாரோ கொப்பி எடுக்க வந்து மேசையைத் தட்டினார்கள். "வாறேன், வாறேன்" என்று கத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகுதான் அந்த மழை வந்தது. நின்றது.

இப்போது கிணற்றடிக்காரன் நடக்கத் தொடங்கியிருந்தான். வயலுக்கும் போகவில்லை, களஞ்சியத்துக்கும் போகவில்லை. மைதானத்துக்குப் போனான். அவன் போகப் போக, மற்றவர்கள் கையிலிருந்த மண்வெட்டியையும் கத்தியையும் போட்டுவிட்டு வீடுகளுக்குப் பின்னாலிருந்தும் வரம்புகளிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து, யாரும் ஏவாமல், கிறிஸ்தோபர் முதலில் நிறுத்தி வைத்த அதே ஒழுங்கில் வரிசை கட்டினார்கள். கிறிஸ்தோபர் அவர்களை வேலைக்கு அனுப்பினான். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றார்கள். கிராமத்துக் குருவிச் சத்தம் நின்றுபோயிருந்தது. கணினியின் விசிறி மட்டும், சளி பிடித்த நெஞ்சுபோல, இழுத்து இழுத்து ஓடியது. கராம்பு வாசனைக்குள் வேறொரு நெடி ஏறியிருந்தது. நனைந்த சணலின் நெடி.

அவனுக்கு அப்போதுதான் அது பிடிபட்டது.

அது மழைச் சாக்கு அல்ல. எண்பத்தொன்பதில், ஆறு வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து மைதானத்தில் நின்றபோது அதைப் பார்த்திருக்கிறான். ஆமி ஜீப்பிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தமிழில் தலையாட்டி, சிங்களத்தில் கோணி பில்லா. வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பான். சும்மா நகர்ந்தால் தப்பினாய். தலையை ஆட்டினால் முடிந்தது.

திரையில் சாக்குக்காரன் முதல் ஆளின் முன் நின்றான். நகர்ந்தான். இரண்டாவது ஆள் கொல்லன். சாக்குத் தலை ஒருதரம் கீழே போய் மேலே வந்தது. கொல்லன் வரிசையிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்து நடந்தான். வாசலுக்கு வெளியே கிறிஸ்தோபர் நிலம் வரையவில்லை. வெறும் சாம்பல் நிறம். கொல்லன் அதற்குள் போனான். வரவில்லை.

வேலியைத் தாண்ட முடியாது என்ற விதி இருக்கிறது. அவனே எழுதியது. அது மற்றவர்களை உள்ளே வைத்துக் காத்துக்கொண்டிருந்தது.

திரையின் மூலையில் பச்சை எழுத்து: இறந்தவர் எவருமில்லை.

"பொய்" என்றான் கிறிஸ்தோபர். உரக்கவே சொன்னான். "பொய்டா, நாய்களே." மேசையில் குத்தினான். பிளேன்டீ சிந்தி விசைப்பலகைக்குள் ஓடியது. சாக்கின் படத்தை அழித்தான். சாக்கு போகவில்லை. உருவத்தையே அழிக்கப் பார்த்தான். அப்படி ஒருவரும் கிராமத்தில் இல்லை என்றது கணினி. வேலியை முழுதாகப் பிடுங்கி எறிந்தான். ஓடுங்க, ஓடித் தொலைங்க. ஒருவரும் அசையவில்லை. விதைப்பவள் போனாள். கிழவன் போனான். பச்சை எழுத்து மாறவில்லை.

பூவாளிப் பெண்ணின் முன் சாக்குக்காரன் நின்றான்.

நகரவில்லை.

கிறிஸ்தோபர் சுவரிலிருந்த வயரைப் பிடுங்கினான். திரை கறுத்தது. விசிறி இழுத்து ஓய்ந்தது.

"டொறீன்!"

எழுந்து படியருகே வந்தான்.

"ஏய், டொறீன்!"

கீழே கொப்பி இயந்திரத்தின் உறுமல் இல்லை. தெருவில் பஸ் கோர்ன் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் ஒருநாளும் அடங்காத தெரு. படிகளில் தடுக்கி விழுந்து இறங்கினான். கடை திறந்தபடி, மின்குமிழ் எரிந்தபடி. தொலைபேசி ஒன்றின் ரிசீவர் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ தூரத்தில் ஹலோ ஹலோ என்றார்கள்.

வெளியே வந்தான்.

தெரு முழுவதும் வரிசையில் நின்றது. சாக்கடைக் கான் ஓரமாக, தோளோடு தோள் இடிக்காத அளவு விட்டு, தெருவைப் பார்த்து. எதிர்க்கடைத் தையல்காரர் நடராஜா கழுத்தில் அளவு நாடாவோடு. பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் சிங்களப் பெண். பள்ளிவாசலிலிருந்து பாதியில் திரும்பிய பலீல் நானா, தொப்பியோடு. எல்லோர் கையிலும் அடையாள அட்டை. ஜீப் இல்லை. ஆமி இல்லை. துவக்கு இல்லை. கடை வாசலுக்கு நேரே டொறீன்.

"உள்ள வா."

"கத்தாதீங்கண்ணே. கார்ட எடுத்துக்கிட்டு வந்து நில்லுங்க."

"யாரு நிக்கச் சொன்னா?"

அவள் யோசித்தாள். தலையைத் திருப்பவில்லை.

"யாரும் சொல்லல."

"அப்ப எதுக்குடி நிக்கிற?"

"எல்லாரும் நிக்கிறாங்கதானே."

அவள் கையைப் பிடித்து இழுத்தான். நட்ட கல்போல நின்றாள். பலீலைப் பார்த்துக் கத்தினான். "நானா, சொல்லுங்க நானா!" பலீலின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. கோபம் அவன் தலைக்குள் இடித்தது. எல்லோரையும் அறைய வேண்டும், கல்லெடுத்து எறிய வேண்டும், தெருவைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது. அப்போது தெருவின் மேல்முனையில் காலடிச் சத்தம் கேட்டது. ஈரமான சத்தம். சற்று நடை. நிறுத்தம். சற்று நடை.

அவன் கை சட்டைப் பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்தது. கால்கள் டொறீனின் பக்கத்தில் போய் நின்றன. அவன் சொல்லவில்லை. அவை போயின.

நெடி முதலில் வந்தது. பிறகு சாக்கு. வானம் காய்ந்திருந்தும் அதிலிருந்து நீர் சொட்டியது. அது அவன் முன்னால் நின்றது. ஓட்டைகளுக்குள் கண் இல்லை. சாம்பல் நிறம் மட்டும், ஆழமாக, முடிவில்லாமல். துணிக்குப் பின்னால் ஏதோ மூச்சுவிட்டது.

நகர்ந்தது.

கிறிஸ்தோபரின் நெஞ்சுக்குள் வந்தது கோபம் அல்ல. நிம்மதி. தண்ணீர் குடித்ததுபோல, சுகமான நிம்மதி.

பிறகுதான் அது எங்கே நகர்ந்தது என்று பார்த்தான்.

டொறீன் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். சாக்குத் தலை மெதுவாகக் கீழே போனது. மேலே வந்தது.

கத்த வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. டொறீன் அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு கானைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். விளக்குகள் முடிகிற பக்கமாக நடந்தாள். வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் நின்ற இடம் சிறிது நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு வரிசை, ஒருவரையொருவர் பார்க்காமல், அரை எட்டு நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டது.

கிறிஸ்தோபரும் நகர்ந்து நின்றான்.