நாற்பத்தொரு நிமிடம்

அக்காவின் வீட்டுப் பூட்டு லேசில் திறக்கவில்லை. கதவைத் தோளால் ஒரு முட்டு முட்டித்தான் லிஃப்ட் மெக்கானிக் உள்ளே போனார். பகல் பத்து மணி. ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் கூடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு இருட்டு. இரண்டு வாரமாக ஆள் புழங்காத வீடு. ஆனாலும் அவள் தலைவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை மேஜையருகே அப்படியே நின்றது, இப்போதுதான் எழுந்து அடுத்த அறைக்குப் போனவள்போல.

அக்கா தனியாக இருந்தவள். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். போவதற்கு முந்தைய மாலை தம்பியான இவருக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஒரு லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எடுக்கவில்லை. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டவர், மறந்தே போனார். அவள் என்ன சொல்ல வந்தாள் என்ற கேள்வி அன்றிலிருந்து அவரைத் தூங்க விடவில்லை.

அவளுடைய லேப்டாப்பில் ஏதாவது எழுதி வைத்திருப்பாள் என்று ஒரு நப்பாசை. ஆனால் அதுவும் உயிரை விட்டிருந்தது. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளமான லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதைச் செருகி, 'நிறுவாமல் முயன்று பார்' என்பதைத் தட்டினால் போதும், உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வேலையிடத்தில் அவருக்கு ரீசெட் என்று பெயர். எந்த லிஃப்ட் நின்றாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். முக்கால்வாசி நேரம் அது ஓடியும் விடும். அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா? 'வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்ற வரியைக் கண்டதும், கோளாறுக்கு இதுதான் மருந்து என்று தட்டிவிட்டார்.

பாதி ஓடிய பிறகுதான் 'அழித்துவிட்டு' என்ற சொல் மண்டையில் ஏறியது. வேர்த்துப்போய் மகளைக் கூப்பிட்டார்.

"எதைப்பா அமுக்கினீங்க?"

"முழுசா போடறதைத்தான்மா."

"அப்ப ஒண்ணும் இருக்காதுப்பா. அத்தையோடது எல்லாம் போயிருக்கும்."

ஆனால் நிறுவி முடிந்து திரை விழித்தபோது, காலியாக இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு ஒலிப்பதிவு இருந்தது. பெயர், 'தம்பிக்கு'. நீளம், நாற்பத்தொரு நிமிடம். தேதி, இன்று.

"இருக்க முடியாதுப்பா."

"கண்ணு முன்னாடி இருக்கும்மா."

தட்டினார். நேரம் நகர்ந்தது, குரலைக் காட்டும் பச்சைக் கோடு ஏறி இறங்கியது, யாரோ நிறுத்தி நிறுத்திப் பேசுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. மகள் சொன்னபடியெல்லாம் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். ஊமைதான்.

"சவுண்டுக்கான டிரைவர் மென்பொருள் ஏறலை போலிருக்கு. திரும்ப நிறுவும்போது கூடுதல் மென்பொருள் வேணுமான்னு ஒரு கட்டம் வரும், அதை டிக் பண்ணணும். முதல்ல அந்தப் பதிவை வேற பென் டிரைவ்ல காப்பி எடுக்கணும், இதுல ஏறாது. எனக்கு இப்ப மீட்டிங். நான் கூப்பிடற வரைக்கும் எதையும் தொடாதீங்கப்பா."

சரி என்றார். பத்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. அழித்த பிறகுதானே அது வந்தது, இன்னொரு தரம் அழித்தாலும் வரும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு, மறுபடி அழித்து நிறுவத் தொடங்கினார்.

எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை பாதியைத் தாண்டியபோது படுக்கையறையில் கட்டில் முனகியது.

யாரோ எழுந்து உட்கார்வதுபோல.

போய்ப் பார்த்தார். விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. திரும்பி வந்தபோது பதிவும் வந்திருந்தது, அதே பெயரில். நீளம் பத்தொன்பது நிமிடம். சத்தம் இல்லை.

நாற்பத்தொன்று என்று தானே தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தார். கட்டத்தை டிக் செய்தோமா என்பதும் நினைவில்லை. இன்னொரு தடவை.

இம்முறை சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு. கொஞ்சம் சொல்லும், தடுமாறும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வாசற்படியில் அவர் கால் வைத்ததும் நின்றது.

ஆறு நிமிடம்.

அழிக்க அழிக்கப் பதிவு சுருங்குகிறது என்பது இப்போது புரிந்துவிட்டது. மேஜையருகே இருந்த தைல வாசனை வெகுவாகக் குறைந்திருந்தது. இனி தொடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பச்சைக் கோடு ஏறி இறங்கியது. கண்ணெதிரே அக்கா பேசுகிறாள், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எத்தனை நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது? புத்தி வேண்டாம் என்றது. கை கேட்கவில்லை, மறுபடி அழித்து நிறுவியது.

பதினொரு விநாடி.

மகள் கூப்பிட்டாள். "ஒண்ணு கேக்க மறந்துட்டேன்ப்பா. பக்கவாட்டுல இயர்போன் குத்தற ஓட்டையைப் பாத்தீங்களா? அதுல ஏதாச்சும் மாட்டியிருந்தா ஸ்பீக்கர்ல சத்தம் வராது."

குனிந்து பார்த்தார். ஒடிந்த இயர்போனின் முனை உள்ளே சிக்கியிருந்தது. பையிலிருந்த இடுக்கியால் பிடுங்க அரை நிமிடம் ஆனது. டிரைவரில் எந்தக் கோளாறும் இல்லை. எதையும் அழித்திருக்க வேண்டியதே இல்லை.

பதிவைத் தட்டினார்.

"தம்பி, அழிக்காதடா." அக்காவின் குரல்தான், மூச்சு வாங்கியது. "ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து சொல்லிட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மறந்துபோகுது."

அவ்வளவுதான்.

"அக்கா," என்றார். "அன்னிக்கு என்னக்கா சொல்ல வந்தே?"

மறுபடி தட்டினார். திரை உறைந்துபோனது. அம்பு நகரவில்லை, எழுத்து அசையவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம், கட்டைவிரல் அவரைக் கேட்காமலே பவர் பொத்தானுக்குப் போய் அழுத்திப் பிடித்துக்கொண்டது. திரை கறுத்த பிறகுதான் விரலைப் பார்த்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

அவர் தொடாமலே லேப்டாப் எழுந்தது. 'தம்பிக்கு' என்ற பதிவு இல்லை. அதன் இடத்தில் பெயரே இல்லாத ஒன்று, மூன்று விநாடி.

வாசனை முழுவதுமாகப் போயிருந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அதைத் தட்டவில்லை, தட்டுவதாகவும் இல்லை.

அக்காவின் குரல் படுக்கையறையிலிருந்து வந்தது.

"யாருங்க அது? என் வீட்டுல என்ன பண்றீங்க?"