புண்ணில் அப்பிய மரத்தூள்

மரத்தூள் பறக்கவில்லை. நெட்டைக்கு முதலில் உறுத்தியது அதுதான். காய்ந்த மரத்தைக் குடைந்தால் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வர வேண்டும். இதுவோ உளி முனையிலும் விரல் இடுக்கிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, மாற்றாமல் விட்ட புண்கட்டைப் பிரித்தாற்போல் ஒரு வாடையையும் கிளப்பியது. பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தும் அது போகவில்லை.

பழைய சாமான் கடையில் கழுத்தில்லாமல் கிடந்த எலெக்ட்ரிக் கிதார் உடல் அது. இசைக்குழுவில் அடிநாதத்துக்கான பேஸ் கிதாரை வாசித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியதும், "பேஸோட வா, இல்லன்னா வராத. கிதாருக்கு ஆள் இருக்கு" என்று டிரம்ஸ்காரர் நெட்டையிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் நெட்டையை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. விரல்கள் தந்தியில் இருக்கும்போதுதான் அவனுக்கே தான் ஒரு ஆள் என்று தோன்றும். அதனால்தான் எங்கெங்கோ அலைந்து நீளமான பேஸ் கழுத்து ஒன்றைப் பிடித்து வந்தான். அது உட்காரக் குழியைக் கொஞ்சம் குடைய வேண்டும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜைப் பின்னால் தள்ளிப் பொருத்த வேண்டும், பழைய திருகாணித் துளைகளை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"ஏங்க, என்ன எழவு நாத்தம் இது? எலி கிலி செத்துக் கெடக்கா?" மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"பழைய மரம்மா. அப்படித்தான் இருக்கும்."

"மரமா? அதுக்கு வேர்த்திருக்கு, பாருங்க."

அவன் சிரித்தான். சிரித்த வேகத்தில் உளி வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் நுனியைச் சீவிவிட்டது. மரவேலைக்காரர்கள் சின்ன வெட்டுக்கெல்லாம் மருந்து தேடுவதில்லை. ஒரு சொட்டு சூப்பர் குளூவை வைத்து மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நெட்டையும் அப்படித்தான் செய்தான். ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது வெறும் பசை இல்லை. துளைகளை அடைக்க அந்த உடலின் தூளைப் போட்டுக் குழைத்து வைத்திருந்த பசை. அதையே காயத்தில் அப்பினான். வலி சட்டென்று நின்றுவிட்டது.

பசை இறுகியதும் துளை வாய்களை உப்புத்தாளால் தேய்த்தான். தூள் வரவில்லை. குளிக்காத முதுகைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி கறுத்த அழுக்கு உருண்டைகள் திரண்டு வந்தன. அவற்றுக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ. அதன் மேல் மெல்லிய பூனைமுடி. நெட்டை பால்கனிக்கு ஓடி ஓங்கரித்தான். அப்போதே தூக்கிக் குப்பையில் எறிந்திருக்க வேண்டும். நாளை ஒத்திகை ஆயிற்றே! வாயைத் துடைத்துக்கொண்டு தந்தியை ஏற்றினான்.

அப்பப்பா, என்ன நாதம்! முதல் அடியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. போனில் கேட்ட டிரம்ஸ்காரர், "யப்பா நெட்டை! இத்தன நாளா எங்கடா ஒளிச்சு வச்சிருந்த? காலைல வந்துரு" என்றார். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேஸைப் படுக்கையில் கிடத்தியபோதுதான் கவனித்தான். இடது ஆள்காட்டி விரலுக்குத் தந்தியின் குளிர்ச்சியும் தெரியவில்லை, அழுத்தமும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நுனியிலிருந்து இரண்டாம் கணு வரை வரிவரியாக ரேகை ஓடியிருந்தது. மர ரேகை. சுவரில் தட்டினான்.

டொக்.

பசைதான். காய்ந்த பசை. தேய்த்தால் போய்விடும். உப்புத்தாளை எடுத்து அழுத்தித் தேய்த்தான். வலிக்கவில்லை. வெளுத்த தூள் உதிர்ந்தது.

படுக்கையில் பேஸ் முனகியது.

கையை நிறுத்தினான். முனகலும் நின்றது.

மறுபடி தேய்த்தான். இப்போது நான்கு தந்திகளும் ஒன்றாக அலறின.

"ஏங்க, யாரு அது கத்துறது?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

விரலைப் பிடித்து இழுத்தான். சுள்ளி மாதிரி முறிந்தது. ரத்தமில்லை. தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

படுக்கை விரிப்பு சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது. அடைத்த துளையிலிருந்து, சீழும் பசையும் வழிய, நகம் முளைத்த ஒரு விரல் நெளிந்து நெளிந்து வெளியே வந்து, தந்தியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.