செல்ஃப் சுத்துது... இன்ஜின் பிடிக்கல!

வெட்டுப்பட்டவன் மினி லாரியில் கிடந்தான். வெட்டியவனுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை!

அவனியாபுரத்தைத் தாண்டிய கருவேலங்காடு. உச்சி வெயில். மெக்கானிக் ஜுல்பிகரின் கழுத்தில் அரிவாளை வைத்துக்கொண்டு நின்றான் பேயாண்டி. வண்டி நின்னுபோச்சு, கொஞ்சம் வாங்க பாய் என்று போனில் குழைந்த அதே வாய், இப்போது பத்து நிமிஷம் கெடு வைத்தது.

வண்டியின் பின்பக்கம் தார்ப்பாய். அதன் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாய்... ரத்தம்.

"அங்கிட்டு என்ன பார்வை? இன்ஜினப் பாரு."

ஜுல்பிகருக்கு இருபது வருஷத் தொழில்... கை தானாக வேலையில் இறங்கியது.

சாவியைத் திருகினான். செல்ஃப் சுற்றியது. அப்படியானால் பேட்டரி மேல் பழியில்லை.

சைலன்சரில் புகையே இல்லை. டீசல் போகவில்லை!

டேங்க்கோ நிறைந்திருந்தது. குழாயில் காற்று அடைத்து ஏர் லாக்காக இருக்குமோ என்று கைப்பம்பை அடித்துப் பார்த்தான். அதுவுமில்லை. டீசலைத் திறந்துவிடும் வால்வில் டெஸ்டர் பல்பை வைத்தான். எரியவில்லை. அங்கே கரண்டே வரவில்லை.

ஒயரைத் தடவிக்கொண்டே போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் விரலில் பட்டது.

குனிந்து பார்த்தான்.

திருடன் வண்டியை ஓட்டிப் போகாமலிருக்க மறைத்து வைக்கிற சுவிட்ச். மாட்டியதே ஜுல்பிகர்தான். போன மாசம், நண்பன் கோச்சடை செல்வக்குமாருக்கு! வண்டியை நிறுத்தியதும் அவன் கை முதலில் அதைத்தான் தட்டிவிடும். நம்பர் பிளேட்டைக் கழற்றி வீசியிருந்ததால் வண்டி அடையாளம் தெரியவில்லை.

ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவன் செல்வக்குமார். நாளைக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவன். அடப்பாவி... தார்ப்பாய்க்குள் கிடப்பது அவனா?

தார்ப்பாய் லேசாக முனகியது.

உயிர் இருக்கிறது!

"என்னடா, கண்டுபிடிச்சியா?"

ஜுல்பிகர் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பெரிய கோளாறு இல்லண்ணே. தள்ளிவிட்டா பிடிச்சிரும். நீங்க ஏறுங்க, நான் தள்ளுறேன்."

தள்ளுகிற மாதிரி பாவனைதான் செய்தான். வண்டி இம்மியும் நகரவில்லை. பேயாண்டிக்குப் பொறுமை போயிற்று. சோறுதான் திங்கிறியா, நீ போய் ஏறு என்று வைதபடி இறங்கி வந்தான். ஓட நினைத்தால் குடும்பத்தையே கருவறுத்துவிடுவேன் என்றான். அரிவாளை முதுகில் சொருகினான். இரண்டு கையையும் பின்கதவில் ஊன்றினான்.

ஜுல்பிகர் ஏறினான். சுவிட்சைத் தட்டினான்.

யா அல்லாஹ்...

சாவி. ரிவர்ஸ் கியர்!

வண்டி உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. பேயாண்டி மல்லாந்தான். சக்கரம் அவன் கால்கள் மேல் ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அப்படியும் அரிவாளை உருவியவனின் மணிக்கட்டில், குதித்திறங்கிய ஜுல்பிகரின் வீல் ஸ்பானர் இறங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று! நண்பனை வெட்டிய கை அது, ஜுல்பிகருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பிறகு அவனையும் செல்வக்குமாருக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

ராத்திரிக்குள் செல்வக்குமார் கண் விழித்துவிட்டான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். அப்போதுதான் ஜுல்பிகருக்கு அழுகையே வந்தது. பக்கத்து வார்டில் கட்டோடும் விலங்கோடும் கிடந்தான் பேயாண்டி.

வாக்குமூலம் எழுதிய ஏட்டு, வண்டியில் அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல சார். ஸ்டார்ட் பண்ற வழியக் கேட்டுட்டுல்ல ஆள வெட்டணும்? இவன் வெட்டிப்புட்டு எனக்குப் போன் போடுறான்!"