உடும்பு பிடித்த சங்கு

வீட்டில் தம்பிக்குப் பட்டப்பெயர் உடும்பு. எதைப் பிடித்தாலும் விடமாட்டான். "குடு" என்று கேட்டால் இன்னும் இறுக்கிக்கொண்டு ஓட்டம் பிடிப்பான். அக்காவுக்கு வாயாடி என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை.

முன்னறைதான் குடும்பத்தின் பட்டறை. அம்மா காலிச் சங்குகளில் துளையிட்டு வாசல் திரைகள் கோப்பார். கடற்கரையில் சங்கு பொறுக்கி வருவது மாமாவின் வேலை. வந்ததும் எல்லாவற்றையும் கடல்நீர் வாளியில் போட்டு வைப்பார்கள். உயிருள்ளது நகரும். "நடப்பது கடலுக்கு, கிடப்பது கடைக்கு" என்பது வீட்டுச் சட்டம்.

அன்று மாமா அவசரத்தில் மூட்டையை நேரே மேசையில் கவிழ்த்துவிட்டார். "அக்கா, பசியில உயிர் போகுது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சமையலறைக்கு நடந்தார். அம்மாவும் பின்னாலேயே போனார்.

உடும்பு குவியலுக்குள் கைவிட்டு, வலைக்கோலம் போட்ட பழுப்புச் சங்கு ஒன்றை எடுத்தான். "இது எனக்குத்தான்."

வாயாடி திரும்பிப் பார்த்தாள். அதன் குறுகிய முனையில் சின்னக் குழாய் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அது மாமா ஒருமுறை காட்டி எச்சரித்திருந்த கூம்பு நத்தை. ஊசி போன்ற பல்லை எய்து, மீனையே விஷத்தால் சாய்த்துவிடும். குத்தினால் மனிதர்களும் பிழைப்பது கஷ்டம்.

'கீழ போடு' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் இறுக்குவானே. கஷ்டப்பட்டு விழுங்கினாள். வாளியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"டேய், ஒரு போட்டி. மேலேருந்து வாளியில போட்டா யாரோடது பெரிசா சத்தம் போடும்? உன்னோடது கண்டிப்பா தோத்துடும்."

"யார் சொன்னா?"

அவள் ஒரு காலிச் சங்கைப் போட்டாள். டப்.

"இப்ப என்னோடதைப் பாரு." கையை உயர்த்தி விரல்களை விரித்தான். தொபுக்.

"நான் ஜெயிச்சேன்."

"நீதாண்டா ஜெயிச்ச." வாளியைப் பலகையால் மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். "அம்மா, மாமா, சீக்கிரம் வாங்க."

பலகையை விலக்கிப் பார்த்தார்கள். அடியில் சங்கு நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா உடும்பின் விரல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான்" என்றார் மாமா. அவர் முகம் வெளுத்திருந்தது.

மாலையில் நால்வரும் போய் நத்தையைக் கடலில் விட்டார்கள். அது பாட்டுக்கு மணலுக்குள் புதைந்து மறைந்தது.

"இனிமே இவ பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் மூட்டையில யாரும் கை வைக்கணும்" என்றார் அம்மா.

"சரிங்க முதலாளி" என்று மாமா வாயாடிக்குக் கும்பிடு போட்டார்.

காலி வாளியோடு மாமா பின்னால் வர, முதலாளி கைவீசி முன்னால் நடந்தாள்.