மழைக்கோட்டுக்கு மேலே

ஈர பூட்ஸோடு படகுச் சாமான் கடைக்குள் வந்தவன் எதையோ கவுன்டரில் தூக்கிப் போட்டான். மஞ்சளாக உப்பி, பாதி காற்று இறங்கிய ஒரு லைஃப் ஜாக்கெட். அதிலிருந்த தண்ணீர் ரசீதுப் புத்தகத்தின் மேல் தெறித்தது.

“இது என்னைக் கொல்லப் பாத்துச்சு.”

ரெனே நிமிர்ந்தாள். எல்டன் பீல். போன செவ்வாய்க்கிழமை இதே இடத்தில் நின்று இதை வாங்கிப் போனவன். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்குக் கொஞ்சம் முன்னால் கடல் இருக்குமே, அந்த நிறம். கோபத்திலும் அவை நன்றாகத்தான் இருந்தன. அதனாலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

“காப்பாத்தும்னு சொல்லித்தான் வித்தேன்.”

“இறால் கூண்டைத் தூக்கிட்டு இருந்தேன். ஒரு அலை மேல அடிச்சுது. டப்புன்னு ஊதிக்கிச்சு. மூச்சு விட முடியல. என் படகு ஆளு கத்தியை எடுத்து மழைக்கோட்டைக் கிழிச்சுதான் என்னை வெளிய எடுத்தான்.”

“கோட்டை எதுக்குக் கிழிக்கணும்?”

அவன் காது மடல்கள் சிவந்தன.

“ஐயோ... கோட்டுக்கு உள்ள போட்டீங்களா?”

தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

“ஊதற சாமானை ரப்பர் கோட்டுக்குள்ள போட்டா அது எந்தப் பக்கம் ஊதும்? விலா எலும்பைத்தான் நெருக்கும்.”

“வெளிய போட்டா எல்லாரும் பாப்பாங்க.”

அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவின் மெய்ன் கரையில், இந்தத் துறையில் நாற்பது படகுகள் சிங்கி இறால் பிடிக்கின்றன. ஒருவரும் லைஃப் ஜாக்கெட் போடுவதில்லை. மே மாதத்திலும் உறையவைக்கும் இந்தத் தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிடத்தில் கை கால் மரத்துவிடும், பூட்ஸ் கீழே இழுக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதைப் போடுவது, பக்கத்துப் படகுக்காரனிடம் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்வது போல. சொல்ல மாட்டார்கள். எல்டன் ஒளித்துப் போட்டான். ஒளித்ததுதான் அவனை நெருக்கியது.

“காலைலேருந்து படகு ரேடியோல என் பேரே பலூன். ஆரம்பிச்சு வச்சது எங்க சித்தப்பா ஹார்லன். ‘பலூன், பலூன், காத்து ஜாஸ்தியா இருக்கு, பறந்துடாதே’ங்கறாரு.”

ரெனே உதட்டைக் கடித்தாள். சிரிப்பு கண்ணில் தப்பிவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“சிரிங்க... நீங்களும் சிரிங்க. இது எனக்கு வேண்டாம்.”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அவன் போன பிறகு அவள் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள். கை நின்றது. அலமாரியில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் சின்ன மாத்திரை ஒன்று நனைந்து கரைந்ததும் காற்று அடித்துக்கொள்ளும். வெயிலில் ஏரியைச் சுற்றுகிறவர்களுக்கு அது போதும். மற்றது நாலு விரல் ஆழமாவது தண்ணீருக்குள் மூழ்கினால்தான் ஊதும். நாள் முழுக்கச் சாரலில் நனைகிறவர்களுக்கானது. அவள் முதல் வகையைக் கொடுத்திருந்தாள்.

அப்பாவின் கடையில் ஒன்பது வருடம். இப்படித் தவறியதே இல்லை. அன்று ஏன் தவறியது என்று அவளுக்குத் தெரியும்... யாரிடமும் சொல்வதாக இல்லை.

மறுநாள் காலை சரியான வகையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனாள். அவன் இரை மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“மாத்திக் கொடுக்கறேன். போட்டுப் பாருங்க. கோட்டுக்கு மேல.”

முறைத்தான். ஆனாலும் போட்டுக்கொண்டான். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “இந்தப் பச்சைக் குறியை தினம் பாருங்க. சிவப்பா இருந்தா போடாதீங்க. உள்ள காத்துக் குப்பி இருக்கு, அதைக் கையால திருகி இறுக்கமா இருக்கான்னு பாருங்க. வார் ரொம்பத் தளர்ந்தாலும் ஆகாது...” வாருக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“மூச்சு விடுங்க. இது இன்னும் ஊதல.”

“ஊதாமலேயே அப்படித்தான் இருக்கு.”

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

“நாளன்னிக்கு சனிக்கிழமை, சர்ச்சுல பீன்ஸ் விருந்து. என்கூட வர்றீங்களா?” தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

வருகிறேன் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவன் ஜாக்கெட்டைக் கழற்றிச் சுக்கான் பக்கத்துக் கொக்கியில் மாட்டினான்.

“என்ன பண்றீங்க?”

“எட்டற தூரத்துல இருக்கட்டும். வேணும்னா எடுத்துப் போட்டுக்கலாம்.”

“விழும்போது அது படகுல இருக்கும், நீங்க தண்ணில இருப்பீங்க. நீந்தத் தெரியுமா உங்களுக்கு?”

“இல்ல.”

“அப்ப நான் வரல.” அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “பழகிட்டு, அப்புறம் இங்க நின்னு படகை எண்ணிட்டு இருக்க என்னால முடியாது. இப்பவே வேண்டாம்.”

அவன் முகம் இறுகியது. “முதல்ல நீங்க கொடுத்தது சரியான சாமான்தானா?”

“சரியான சாமான்தான்.”

பொய். சொன்னதுமே அவளுக்கு அவமானமாக இருந்தது. திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் மதியம், கயிற்றுச் சுருளை இறக்கிவைக்கத் துறைக்கு வந்தாள். படகுகள் இறாலை எடை போட வரிசையில் நின்றன. திடீரென்று ஒரு பெரிய சிரிப்பு. எட்டிப் பார்த்தாள்.

எல்டனின் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுக் கோட்டுக்கு மேலே, எல்லோரும் பார்க்க, அவள் மாற்றிக் கொடுத்த சிவப்பு லைஃப் ஜாக்கெட்.

“டேய் பலூன்! பால் புட்டி எங்கடா?” ஹார்லன் பக்கத்துப் படகிலிருந்து கத்தினார்.

எல்டன் கயிற்றைக் கட்டி முடித்தான். அவசரமே படவில்லை.

“சித்தப்பா, உங்களுக்கு நீந்தத் தெரியுமா?”

“இங்க எவனுக்குடா தெரியும்?”

“எனக்கும் தெரியாது. விழுந்துடுவோமோன்னு பயம். பதினோரு வருஷமா தினமும் பயந்துட்டுதான் போறேன். இப்ப சொல்லிட்டேன்ல, நல்லா சிரிங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

“அதோ நிக்கறாங்களே, கடைக்காரப் பொண்ணு... அவங்ககூட நாளைக்கு விருந்துக்குப் போகணும். நாளைக்கு மட்டும் இல்ல. எழுபது வயசுலயும் போகணும். அதுக்கு நான் இருக்கணும், சித்தப்பா.”

ஹார்லன் தன் இறால் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

தூறல் ஆரம்பித்தது. எல்டன் ஏணியில் ஏறி அவள் முன்னால் வந்து நின்றான். கண்ணிமையில் மழை... இப்போது பயம் அவன் கண்ணில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடல் மேல் உள்ள பயம் இல்லை அது.

“வர்றீங்களா?”

“வார் முறுக்கிட்டு இருக்கு.” அவள் அதைச் சரி செய்தாள். கையை எடுக்கவில்லை. “அன்னிக்கு நான் தப்பான வகையைத்தான் கொடுத்தேன்.”

“தெரியும். பெட்டில எழுதியிருக்கு. நேத்துதான் படிச்சேன்.”

“அப்புறம் ஏன் வந்து சண்டை போடல?”

“நீங்க ஒத்துக்கிட்டா, சண்டை முடிஞ்சுடும். முடிஞ்சா அப்புறம் கடைக்கு எதைச் சொல்லிட்டு வர்றது?”

அவள் சிரித்தாள். கன்னத்தில் வழிந்தது மழை மட்டும் இல்லை. துடைத்துக்கொண்டு, ஒன்பது வருடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“அன்னிக்கு நான் பெட்டியைப் பாக்கவே இல்ல, எல்டன். உன்னைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”