தங்கை போகவில்லை

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய வீட்டில் இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியிருந்ததால் உள்ளே நுழைந்ததுமே காது அடைத்தது. காயாத துணியின் வாடை வேறு.

கேட்பவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் தொழில். பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டி வந்திருந்தாள். வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் உட்காரவைத்தாள்.

"ஆடாம அசையாம இருக்கணும், தெரியுதா?"

"சரிம்மா. தங்கச்சி வர்ற இடத்தை மட்டும் நல்லாப் படி. அவ என்னை மாதிரியே இருக்கா."

அன்று வாசிக்கவிருந்தது வளரும் பிள்ளைகளுக்கான ஒரு நாவல். அதில் வரும் தங்கையின் செத்துப்போன அக்கா வீட்டுச் சுவருக்குள் குடியிருக்கிறாள். வீட்டில் யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை. அவளுக்கும் சாப்பாடு வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். வாலு அதை விழுந்து விழுந்து படித்திருந்தாள்.

வாசிப்பில் பிழை வந்தால் ஒருமுறை கைதட்டிவிட்டு, அந்த வரியை மறுபடி படிக்க வேண்டும். பிழையைப் பிறகு வெட்டியெடுக்க அந்தச் சத்தம்தான் அடையாளம்.

"அக்கா சுவருக்குள்ளிருந்து கூப்பிட்டாள். தங்கை போகவில்லை."

ஹெட்போனில் ஒரு கைதட்டல் கேட்டது. சின்னக் கை.

"ஏன் மேடம் தட்டினீங்க? சரியாத்தானே படிச்சீங்க?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"நான் எங்க தட்டினேன்?" அவளுடைய இரண்டு கையிலும் புத்தகம் இருந்தது.

மறுபடி படித்தாள். "தங்கை போகவில்லை."

பட்.

ஒரே வரியோடு எத்தனை தரம்தான் மல்லுக்கட்டுவது? இந்தச் சனியனுக்கு என்னதான் வேண்டுமாம், பார்ப்போம் என்ற எரிச்சலில் மாற்றிப் படித்தாள்.

"தங்கை போனாள்."

கைதட்டல் இல்லை.

அப்பாடா என்று நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருந்தது.

"சார், என் பொண்ணு எங்க?"

ஒலிப்பதிவாளர் திரும்பினார். கதவு உள்பக்கம் தாழிட்டபடியே இருந்தது. "இப்ப... இங்கதானே இருந்தா மேடம்."

ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் இருந்த ஃபோமைப் பிய்த்தாள். பின்னால் வெறும் செங்கல். ஐயோ, என் வாயாலேயே அனுப்பிவிட்டேனே! மைக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"தங்கை போகவில்லை! தங்கை போகவில்லை!"

சுவருக்குள் கைதட்டல் எழுந்தது.

இந்தத் தடவை இரண்டு பேர் தட்டினார்கள்.